நீல வயர்

கார் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, இடையில் டெஸ்ட் பல்பை மாட்டினாள்.

மங்கலாக எரிந்தது.

சாவி அவள் இடுப்பில் இருந்தது. கதவெல்லாம் மூடிக்கிடந்தது. அப்படியும் எதுவோ திருட்டுத்தனமாகக் கரண்ட் குடிக்கிறது.

"ரெஜினா, போதும் விடு" என்றான் மிக்கேல், வாசல் நாற்காலியிலிருந்து.

அவள் புருஷன். வாதம் வந்து இடது கை விழும்வரை இந்தப் பழைய காரை ஓட்டியவன். இப்போது அவள் ஓட்டுகிறாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் சவாரி.

அவள் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்தே முக்கால்வாசி நாள் காலையில் வண்டி எழும்பவேயில்லை. இன்று சாயங்காலமும் வராவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று பிள்ளைகளின் அம்மாக்கள் சொல்லிவிட்டார்கள். மிக்கேல் மனசு விட்டுப்போய், உடைசலுக்கு எடுக்கும் காஜா பாயை வரச்சொல்லிவிட்டான்.

வண்டியைக் கட்டி இழுத்துப்போக, பாய் கயிற்றோடு வந்து நின்றார்.

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பல்பு அணையவில்லை. சனியன்.

புது பேட்டரி போட்டாயிற்று. டைனமோவைப் பிரித்துப் பார்த்தாயிற்று. இன்னும் என்னதான் வேண்டுமாம் இதற்கு?

அப்போதுதான் கண்ணில் பட்டது. பிளஸ் முனையிலிருந்து ஒரு நீல வயர், மெலிசாக, ஃபியூஸ் பெட்டிப் பக்கமே போகாமல்.

விரலால் தடவிக்கொண்டே போனாள். ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைந்து, டேஷ்போர்டில் ஏறி, வேளாங்கண்ணி மாதாவின் காலடியில் முடிந்தது.

மாதாவைச் சுற்றிப் பல்புச் சரம். ராத்திரி பகலாக எரிவது.

வந்த மெக்கானிக் எல்லாரும் ஏறியதும் கும்பிட்டார்கள். ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. மாதாவைப் போய் யார் சந்தேகப்படுவார்?

அந்தச் சரம், அவள் லைசன்ஸ் வாங்கிய அன்று மிக்கேல் ஒற்றைக் கையால் மாட்டியது. தனியாகப் போகிறவளுக்குத் துணையாம். சாவியை எடுத்தாலும் அணையக் கூடாதென்று நேரே பேட்டரியில் கொடுத்திருக்கிறான்.

கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்து தொலைத்தது.

பிளஸ் முனையிலிருந்து வயரை எடுத்தாள். டெஸ்ட் பல்பு அணைந்தது.

நுனியைக் கொண்டுபோய், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனில் சேர்த்தாள். மிக்கேல் மெல்ல எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. முகம் சுண்டிப்போனது.

"வண்டியை நிறுத்தினா மாதா இருட்டுல இருப்பாங்களே."

"நாம தூங்கும்போது அவங்களும் கொஞ்சம் தூங்கட்டும்."

பிடுங்கியதையெல்லாம் திரும்ப மாட்டிவிட்டு, உட்கார்ந்து சாவியைத் திருகினாள். முனகலோடு சரி. பேட்டரியில் உயிரில்லை.

காஜா பாய் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போய் நின்று தள்ள ஆரம்பித்தார்.

வண்டி அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

கண்ணாடியில் பார்த்தாள். பாய்க்குப் பக்கத்தில் மிக்கேல், வலது கையை டிக்கியில் ஊன்றியபடி.

இரண்டாம் கியரில் கிளட்சை விட்டாள். குலுங்கி, இருமி, என்ஜின் பிடித்துக்கொண்டது. சிவப்பு சார்ஜ் விளக்கு அணைந்தது; பேட்டரி ஏறுகிறது.

கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாதே, போ!" விற்கச் சொன்னவன்தான் கத்தினான். "அப்படியே போ!"

பள்ளிக்கூடம் விடுகிற நேரம். அவள் அந்தப் பக்கம் திருப்பினாள்.