கேட்டைச் சாத்திவிட்டுப் போகவும்

அந்தப் பண்ணைக்குள் நுழையும்போதே செயலாளர் ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தார்.

பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்துக்கு அன்று ஆண்டுப் போட்டி. வேகப் போட்டி இல்லை. பாறையும் ஓடையும் மேடும் பள்ளமுமான இடத்தில், அந்தக் காலத்து வண்டியை ஆமை வேகத்தில் நகர்த்தி, காலைக் கீழே ஊன்றாமல் கடக்க வேண்டும். ஊன்றினால் மதிப்பெண் போச்சு. இதற்காக வருஷம் முழுக்க இடுப்பு வலியோடு பழகிய முப்பது பேர் சாலையோரம் வண்டிகளோடு காத்திருந்தார்கள். வண்டி இருந்தது, ஆள் இருந்தது, இடம்தான் இல்லை.

வழக்கமாக இடம் தரும் தோட்டக்காரர் காலையில்தான் கையை விரித்தார். காரணம், செயலாளரின் மச்சினன். முந்தின நாள் பழகப் போன அந்த மகானுபாவன் கேட்டைத் திறந்து போட்டுவிட்டு வந்ததில், மாடுகள் முட்டைக்கோஸ் பாத்தியில் புகுந்து விருந்து சாப்பிட்டுவிட்டன.

"பழைய இடத்தை ஏன் விட்டீங்கன்னு கேட்டா என்ன சொல்றது மாமா?" என்றான் மச்சினன்.

"நிலத்தை வித்துட்டாருன்னு சொல்லிக்கிறேன். நீ வாயைத் திறக்காதே. கேட்டைத் திறந்ததே போதும்."

வீட்டுக்குப் பக்கத்தில் ஷெட் திறந்து கிடந்தது. எதிரே ஒரு மினி லாரி. நரைத்த தலையோடு ஒருவர், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பலகை வழியாக லாரியில் ஏற்ற முடியாமல் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். வண்டியைப் பார்த்த செயலாளருக்கு வந்த வேலையே ஒரு நிமிஷம் மறந்து போனது. அந்த மாடலை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார்.

"வணக்கங்க ஐயா."

பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு நீங்க? யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?"

நிலத்துக்காரர்கள் எல்லோரும் முதலில் இப்படித்தான் சீறுவார்கள். செயலாளருக்கு இது பழக்கம்தான். குழைந்தார்.

"அனுமதி கேக்கத்தாங்க வந்தோம். நீங்க சரின்னு சொல்லாம எங்க சக்கரம் ஒண்ணுகூட உள்ள வராது."

போட்டியைப் பற்றி விளக்கினார். வீட்டுக்குப் பின்னால் தெரிந்த பாறைச் சரிவைப் புகழ்ந்தார். பழைய இடத்துக்காரர் நிலத்தை விற்றுவிட்டதாகச் சொல்லும்போது மட்டும் பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டார்.

பெரியவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. சாலையோரக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க எல்லாருக்கும் வண்டி ஏத்தி இறக்கத் தெரியுமா?"

"நாங்க வண்டி ஓட்டுறதைவிட ஏத்தி இறக்குறதுதாங்க அதிகம்."

"இதெல்லாம் எங்கப்பா சேர்த்தது. உள்ள இன்னும் நாலு கிடக்கு. கண்காட்சிக்குக் கொண்டு போகணும். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. இது பாருங்க, நகரவே மாட்டேங்குது."

மச்சினனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "கியர்ல இருக்குங்க."

பெரியவர் முகம் மலர்ந்தது. பிறகென்ன, முப்பது பேரும் ஓடி வந்தார்கள். ஐந்து வண்டிகளும் லாரிக்குள் போயின. டேங்க்கில் கீறல் விழக்கூடாதென்று இடையிடையே போர்வை வைத்தார்கள். ஹேண்டில்பாரை இழுத்துக் கட்டினார்கள். ஒருவர் தன் சொந்த ஜாக்கெட்டையே கழற்றி ஒரு ஹெட்லைட்டுக்குச் சுற்றிவிட்டார்.

"சாயந்திரம் வரைக்கும் தாராளமா ஓட்டுங்க," என்றார் பெரியவர், லாரியில் ஏறிக்கொண்டே. "ஆனா நான் வரும்போது வாசல்ல ஒரு தடம்கூடத் தெரியக் கூடாது. வேற யாரையும் உள்ள விடாதீங்க."

"எங்க சங்கத்து விதியே அதுதாங்க," என்றார் செயலாளர்.

லாரி போன பிறகு அவருக்கு நெஞ்சு உறுத்தியது. இவ்வளவு நல்ல மனிதரைப் பொய் சொல்லி ஏமாற்றிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. மாலையில் அவர் திரும்பியதும் மாட்டுக் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டார். மன்னித்தால் அடுத்த வருஷமும் இடம் கிடைக்கும்.

போட்டி அமர்க்களமாக நடந்தது. மச்சினன் ஓடையில் வண்டியோடு குளித்து எழுந்தான். செயலாளர் வாழ்நாளில் முதல் முறையாகக் காலே ஊன்றாமல் கடைசிப் பாறையைத் தாண்டி, அந்தச் சந்தோஷத்தில் பிரேக் பிடிக்க மறந்து புதருக்குள் போனார்.

வெயில் தாழ்ந்ததும் வாளியும் துடைப்பமும் வந்தன. பாறையில் ஒட்டிய டயர் கறுப்பைக்கூடத் தேய்த்து எடுத்தார்கள். வாசலைப் பெருக்கி, லாரித் தடத்தையும் சேர்த்து அழித்தார்கள். மச்சினன், செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, ஷெட் கதவில் இருந்த கைரேகைகளைப் பெட்ரோல் துணியால் ஒன்றுவிடாமல் துடைத்தான். பிறகு கேட்டைச் சாத்தி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான்.

அப்போது ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. உள்ளே நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர், பின் சீட்டில் பயணப் பெட்டிகள். மச்சினன் இரண்டு கையையும் விரித்து கேட்டை மறித்து நின்றான். செயலாளர் வேகமாக வந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இது தனியார் இடம். உரிமையாளர் அனுமதி இல்லாம நாங்க யாரையும் உள்ள விடுறதில்லை."

பெண்மணி காரிலிருந்து இறங்கினார். பெருக்கிய வாசலைப் பார்த்தார். காலியாகக் கிடந்த ஷெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செயலாளரைப் பார்த்தார்.

"இருபது வருஷமா இது என் வீடு சார். நான் யார்கிட்ட அனுமதி வாங்கணும்?"