ஞாயிற்றுக்கிழமைக் கொட்டாவிகள்

பவுல்ராஜ் சாமியாரின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டபோதுதான், அனிஷா பின்சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டின் தலைப்பை ஐரின் டீச்சர் படித்தார்.

'நமது கோயில் பூசையில் கொட்டாவி: ஓர் ஆய்வு.'

டீச்சருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. சார்ட்டில் இருந்ததும் புளியங்கொட்டைதான். பூசையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வரிசை, ஒரு கொட்டாவிக்கு ஒரு கொட்டை. அனிஷா பாடகர் குழுவில் சனங்களைப் பார்த்தபடி உட்காருகிறவள். ஒரு வாய் தப்பியிருக்காது.

ஒரு வரிசை மட்டும் மற்றதையெல்லாம் தாண்டிப் பனைமரம் மாதிரி நின்றது.

எது எந்த வரிசை என்ற எழுத்து அடியில், பெஞ்சுக்குப் பின்னால் மறைந்திருந்தது. அதைப் படித்துத்தான் தெரிய வேண்டுமா என்ன? சாமியார் பிரசங்கத்துக்கு எழுந்தால், உலை வைத்துவிட்டு வந்த பெண்கள் அன்றைய சோற்றை மறந்துவிட வேண்டியதுதான்.

அந்தச் சாமியாரேதான் பள்ளிக்கும் தாளாளர். டீச்சரின் வேலையை நிரந்தரமாக்கும் ஆணை வைகாசியிலிருந்து அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்துக் கிடக்கிறது.

யாரையும் நோவதற்கில்லை. "எரிமலை வேண்டாம், தெர்மாகோல் வீடு வேண்டாம், உங்கள் மனசை எது அரிக்கிறதோ அதை ஆராய்ந்து வாருங்கள்" என்று ஏழாம் வகுப்புக்குச் சொன்னது டீச்சர்தான். வருஷம் முழுக்க அவர் சொன்னதில் பிள்ளைகள் அப்படியே கேட்டது அது ஒன்றைத்தான். சிறுமலை வாழைப்பழத் தோலை ஆடு விரும்புமா என்று கண்டறிய, தஹ்சீன் ஆட்டையே வகுப்புக்குக் கூட்டி வந்திருந்தான்.

"கழட்டுடி அதை!"

"மைதாப் பசை டீச்சர். கழட்டுனா சுவத்துச் சுண்ணாம்பும் சேந்து வந்துரும்."

செருப்புச் சத்தம் பக்கத்து வகுப்பைத் தாண்டிவிட்டது.

டீச்சர் ஆட்டை அவிழ்த்துச் சார்ட்டின் பக்கம் தள்ளிவிட்டார். பசையின் ருசிக்காவது தின்று தொலைக்காதா என்று ஒரு நப்பாசை. ஆடு ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

"காலையிலருந்து தோலாத் தின்னுருக்கு டீச்சர்," என்றான் தஹ்சீன். "இனி ஒண்ணும் எறங்காது."

"தோத்திரம் சாமி!" என்று வகுப்பே எழுந்து நின்றது.

டீச்சர் முந்தானையை விரித்தபடி சுவரோடு சுவராக நின்றார். சாமியார் ஆட்டை விசாரித்தார், மற்ற சார்ட்டுகளைப் பார்த்தார், கடைசியில் நேராக முந்தானைக்கு முன்னால் வந்து நின்றார்.

"செத்த தள்ளுங்க டீச்சர்."

தள்ளாமல் எப்படி இருப்பது?

சாமியார் தலைப்பைப் படித்தார். பனைமர வரிசையை அண்ணாந்து பார்த்தார். கழுத்துப் பட்டைக்குள் ஒரு விரலை விட்டுத் தளர்த்திக்கொண்டார்.

"இந்தா உசரமா நிக்கிதே, இது என் பிரசங்கமா பாப்பா?"

"இல்ல சாமி. உங்க பிரசங்கம் இந்தக் கட்டை வரிசை."

நாலே நாலு கொட்டை. சாமியாரின் முகம் பண்டிகை நாள் பீடம் போல ஒளிர்ந்தது. "பாத்தீங்களா டீச்சர்!" என்றவர், அப்படியானால் அந்த உசரம் யாருடையது என்று பெஞ்சைத் தானே இழுத்துவிட்டுக் குனிந்து அடியில் பார்த்தார்.

'முதல் வாசகம்.'

ஆடு மிரளும்படி சிரித்தார். சிரித்துக்கொண்டே டீச்சரைப் பார்த்தவர், சட்டென்று கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஞாயிறுதோறும் பிரசங்கத்துக்கு முன்னால் மேடையேறி, பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிப்பவர் ஐரின் டீச்சர். சனிக்கிழமையே கண்ணாடி முன் நின்று வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

டீச்சருக்குக் காது மடல் வரை சூடேறியது. ஆணை போனாலும் போகட்டும் என்று ஒரு வீம்பு வந்தது.

"ஏன்டி அனிஷா, பிரசங்கத்துக்கு மட்டும் ஏன் இம்புட்டுக் கொஞ்சம்? அதையும் சாமிகிட்ட சொல்லு."

அனிஷா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தூங்கிட்டா எப்படி டீச்சர் கொட்டாவி வரும்?"

சாமியார் அந்த நாலு கொட்டையையும் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார். பிறகு பெஞ்சைப் பழைய இடத்துக்கே தள்ளி, எழுத்துகளை மறைத்தார்.

"மத்தியானம் ஆபீசுக்கு வாங்க டீச்சர், அந்த ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுத் தாரேன்," என்றார். "நீங்க ஆரம்பிச்சு வைக்கிறதைத்தான நான் முடிச்சு வைக்கிறேன்."