மக்கள் பணம்

இறால் பண்ணையின் கழிவுநீர் புகுந்து, மரக்காணத்துச் சவரிமுத்துவின் பாத்திகளில் விளைந்த உப்பு முழுவதும் கறுத்துவிட்டது, வாங்குவாரில்லை. யூடியூபில் ஊர்ச் செய்திகள் வெளியிடும் லாரன்ஸ், மூக்கைப் பொத்திக்கொண்டு அதனைப் படம்பிடித்துச் சென்றான். மாதம் ஒன்றாகியும் காணொளி வெளிவரவில்லை.

சவரிமுத்து தொலைபேசியில் வினவினார். "இன்னாப்பா, பண்ணைக்காரன் எதுனா குடுத்துட்டானா?"

"அசிங்கமா பேசாதீங்கண்ணே. முதலாளிங்ககிட்ட நான் கைநீட்டறதில்ல. ஜனங்க போடுற நூறு, அம்பதுலதான் சேனல் ஓடுது. சாயந்திரம் லைவ் பாருங்க, தெரியும்."

மாலையில் சவரிமுத்து தம் மகளுடன் அமர்ந்து நேரலையைக் கண்டார். நன்கொடையாளர்களின் பெயர்களை லாரன்ஸ் கைகூப்பியவாறு வாசித்துக்கொண்டிருந்தான்.

"நூறு ரூபா அனுப்புன மரக்காணம் ஜெனிஷா தங்கச்சிக்கு நன்றி."

சவரிமுத்து வியப்புடன் மகளை நோக்கினார். "நீயா போட்ட?"

ஜெனிஷா தலைகுனிந்தாள். "என் காசு இல்லப்பா. பண்ணையில வேலை செய்யற எங்க எல்லாருக்கும் முதலாளி நூறு நூறு ரூபா குடுத்து, அவங்கவங்க போன்லேர்ந்து அனுப்பச் சொன்னாரு."

சவரிமுத்து நேரலையை நிறுத்தினார். "இந்தப் புத்தி அவனுக்கு எப்படிம்மா வந்துச்சு?"

"அவருக்கு வரலப்பா. மொத்தமா வேணாம், ஜனங்க பேர்ல வரட்டும்னு லாரன்ஸ் அண்ணன்தான் கேட்டுச்சாம்."