பொம்மை விட்ட மூச்சு

"சார், பொம்மை மூச்சு விடுது."

டெஸ்டிங் பெண் போனில் சொன்னதும் டிசைனருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"என்னம்மா, நேத்து பேய்ப் படம் ஏதாவது பார்த்தியா?"

"நீங்களே வந்து பாருங்க சார். பேக்கிங் ஆளுங்க எல்லாம் வேலையைப் போட்டுட்டு வெளியில நிக்கிறாங்க. உள்ளே பேய் இருக்குதாம்."

வைத்த கையோடு மேனேஜரின் போன். "யோவ், நாளைக்கு இருபது மெஷினும் ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். இந்தக் காலத்துல போய் பேயாம் பிசாசாம்! படிச்ச ஆளு நீ, நாலு வார்த்தை எடுத்துச் சொல்லி அடக்கிட்டு வா."

லிஃப்ட்டுக்கு நிற்கப் பொறுமையில்லை. மூன்று மாடியும் தடதடவென்று இறங்கினான்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கான மெஷின் அது. குழந்தைக்கு அடியில் மெல்லிய மெத்தை. மூச்சு ஏறி இறங்கினால் திரையில் பச்சைக்கோடு ஏறி இறங்கும். மூச்சு நின்றால் அலாரம் கத்தும். அதன் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு அவன் வரைந்தது.

டெஸ்டிங் அறைக் கதவைத் தள்ளினான். பேக்கிங் ஆட்கள் ஒருவரும் இல்லை. மேஜைமேல் மெத்தை, அதன்மேல் கண்ணைத் திறந்துகொண்டு ஒரு பிளாஸ்டிக் பொம்மை. அலாரம் கத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெண் தூரத்துச் சுவரோரமாக நின்றாள்.

"சரியாத்தானே இருக்கு? பொம்மைக்கு மூச்சில்லை, கத்துது."

"கிட்டப் போங்க சார்."

போனான். குனிந்தான்.

தூக்கிக்கொண்டதும் அழுகையை நிறுத்துகிற பிள்ளை மாதிரி, அலாரம் சட்டென்று அடங்கியது.

திரையில் பச்சைக்கோடு ஏறியது. இறங்கியது. ஏறியது. ஓடிவந்த பிள்ளைக்கு வாங்குவதுபோல் வேகமான மூச்சு.

அவன் இரண்டடி பின்வாங்கினான். கோடு படுத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அலறல். கிட்டப் போனான். பொம்மை மூச்சு விட்டது.

"ஏசியை நிறுத்தும்மா."

நிறுத்தினாள். மூச்சு நிற்கவில்லை.

பொம்மையைத் தூக்கித் தள்ளி வைத்தான். தொடவே கை கூசியது. வெறும் மெத்தை இப்போது மூச்சு விட்டது. மெதுவாக, நிதானமாக. படி இறங்கிய இளைப்பு அவனுக்கும் அப்போதுதான் தணிந்திருந்தது.

ஏதோ தோன்றி, தன் மூச்சை அடக்கிப் பார்த்தான்.

கோடு நின்றது.

விட்டான். கோடு எழுந்தது.

அவனுடைய மூச்சு!

அடுத்த கணம் எல்லாம் புரிந்துபோயிற்று. போர்டின் அடிப்பக்கம் முழுவதும் ஒரே செம்புப் பரப்பாக விடவேண்டும். கிரவுண்டு என்பது அதைத்தான். மேலே போகிற சிக்னல் திரும்பி வீடு வந்து சேருகிற பாதை அது. கடைசி நாளில் ஒரு லைனுக்கு இடம் போதாமல், அந்தச் செம்பை நடுவில் கீறி அதற்குள் ஓட்டிவிட்டான். ஒரு விரல் நீளக் கீறல், என்ன ஆகிவிடப்போகிறது என்று. பாதை வெட்டுப்பட்ட சிக்னல் கீறலைச் சுற்றிக்கொண்டு திரும்புகிறது. சுற்றுகிற இடமெல்லாம் ஏரியல் மாதிரி ஆகி, பக்கத்தில் இருக்கிற உடம்பின் அசைவையெல்லாம் வாங்கிக்கொள்கிறது.

பேய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவனுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

ஆஸ்பத்திரித் தொட்டில் கண்முன் வந்தது. பெற்றவள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளையின் மூச்சு நின்றுபோகிறது. மெஷின் அவள் மூச்சை எடுத்துப் பச்சைக்கோடாகக் காட்டுகிறது. அவளும் அதைப் பார்த்து நிம்மதியாகச் சிரிக்கிறாள்.

"செம்புப் பட்டை ஏதாவது இருக்கா? சீக்கிரம்மா!"

நீட்டினாள். போர்டைக் கழற்றிக் கவிழ்த்தான். லைனைத் தொடாமலிருக்க நடுவில் டேப் ஒட்டி, கீறலின் குறுக்கே பட்டையை வைத்து, இரண்டு பக்கமும் ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்தான். அவசரத்தில் ஒருதரம் விரலைச் சுட்டுக்கொண்டான்.

மறுபடி பூட்டினான். குனிந்தான். வேண்டுமென்றே புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டான். கன்னம் மெத்தையில் உரசாத குறை.

கோடு அசையவில்லை. அலாரம் காதைக் கிழித்தது. அந்த அலறல் அவனுக்குத் தேனாக இனித்தது.

மேனேஜருக்குப் போன் போட்டான். "சார், நாளைக்கு ஒண்ணுகூடப் போகாது. இருபதும் தப்பு. என் தப்புதான்... திட்டுறதை அப்புறம் திட்டுங்க."

வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். அந்தப் பெண் பழையபடி சுவரோரமாகப் போய் நின்றிருந்தாள். பாவமாக இருந்தது.

"பயப்படாதம்மா. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கிரவுண்டுன்னு ஒண்ணு இருக்கு... விடு, உனக்குச் சொன்னாப் புரியாது."

மிச்சமிருந்த டேப்பை எடுத்து வைக்கப் போனவன் நின்றான். அவள் கொடுத்த பட்டை கீறலுக்கு மயிரிழை பிசகாமல் பொருந்தியிருந்தது. கேட்கும் முன்பே சால்டரிங் அயர்னும் சூடேறித் தயாராக இருந்தது.

"உனக்கு எப்படி அளவு தெரியும்?"

அவள் மேஜை டிராயரைத் திறந்து மூன்று தாள்களை எடுத்து நீட்டினாள். மூன்றிலும் அவன் போர்டின் படம். கீறல் இருந்த இடத்தில் சிவப்பு வட்டம்.

"கிரவுண்டு வெட்டுப்பட்டிருக்கு, பட்டை போட்டு மூடணும்னு மூணு வாரமா உங்களுக்கு ரிப்போர்ட் அனுப்புறேன் சார், ஒரு பதிலும் இல்லை. அதான் இன்னிக்குக் காலையில பேய்னு நானே கிளப்பிவிட்டேன், பத்து நிமிஷத்துல வந்துட்டீங்க!"