வாயில் குண்டூசி

"உன் வாய்தான்டி என் மக கல்யாணத்தைக் கெடுத்துச்சு!" மாடிவீட்டு அக்கா போட்ட சத்தத்தில் தெருவே தையல்கடை வாசலுக்கு வந்துவிட்டது. "அவ அந்த லேப் பையனோட பழகுறதை உன்னை நம்பித்தானே சொன்னேன்? மாப்பிள்ளை வீட்டுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தையல்காரி உதட்டிடுக்கில் இருந்த குண்டூசிகளை எடுத்தாள். "நான் யார்கிட்டயும் சொல்லலக்கா."

"ஊர்க்கதை பேசலைன்னா உனக்குச் சோறு இறங்குமா?"

கூட்டம் சிரித்தது. இருபது வருடமாக அப்படிப்பட்ட வாய்தான். போன மாதம் சபையில் நடந்த திருவிருந்தில், இனி நாவைக் காப்பேன் என்று அவள் ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணியதை யார் நம்புவார்கள்?

பதில் நாக்கு நுனியில் நின்றது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், "ஆண்டவரே, அந்த லேப் பையனை என் மக மனசுலேருந்து எடுத்துப்போடும்!" என்று கண்ணை இறுக மூடிச் சபை அதிரக் கதறியது இதே அக்காதான். பின்வரிசையில் மாப்பிள்ளையின் அத்தை இருந்ததைத் தையல்காரி பார்த்தாள். ஜெபத்தில் என்றைக்கு அவள் கண் மூடியது?

அந்தச் சபைக்குப் போகிறவர்கள் தெருவில் இவர்கள் இருவர்தான். சொன்னால் தன் பெயர் தப்பிக்கும். அக்கா இத்தனை பேர் முன்னால் கூனிக்குறுகுவாள். அலுப்போடு குண்டூசிகளைத் திரும்ப உதட்டில் வைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா, வாயே திறக்கல!" என்றாள் அக்கா.

ஆறே மாதத்தில் மகள் லேப் பையனையே கட்டிக்கொண்டாள். அக்கா வேறு ஊருக்குக் குடிபோனாள். அங்கே புதுச் சபையில், ஒரு தையல்காரியின் நாவு அடங்க ஜெபிக்கச் சொல்லிக் கேட்டாளாம்.