பேத்தியைத் தொடாத எலியா

“பிள்ளையை மடியில வச்சுப் பிடிங்க அண்ணா. ஊசி போடணும்.”

லேகா சிஸ்டர் குழந்தையை நீட்டியதும் எலியா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். நெய்யாற்றின்கரைப் பக்கத்து அந்த ஆஸ்பத்திரியில் ரத்தப் பஞ்சையும் சீழ்த் துணியையும் முகம் சுளிக்காமல் அள்ளுகிற மனிதர், அன்று காலை பிறந்த சொந்தப் பேத்தியைத் தொடப் பயந்தார்.

“எனக்கு வேண்டாம் சிஸ்டரே. கையில லோஷன் மணம் உண்டு.”

“கழுவிட்டு வாங்க.”

“மருமகனுக்க அம்மை டீ வாங்கப் போயிருக்காவ. அவிய வந்து பிடிக்கட்டு.”

கட்டிலில் கிடந்த மகள் லிஷா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“விடுங்க சிஸ்டர். அம்மை போன பொறவு ஒத்தைக்கு என்னை வளத்த அப்பாவாக்கும். ஒருநாள் திடீருன்னு தட்டு வேற, பாய் வேற. அவசரமா காட்டாக்கடையில ஒரு வீட்டுல கட்டிக்குடுத்து அனுப்பினாரு. கல்யாணத்தன்னைக்குக் கூட எங்கூட இருந்து ஒரு வாய் சோறு தின்னல. நான் பாரமாப் போயிட்டேன்.”

எலியா வாசல் பக்கம் நகர்ந்தார். ஆரியங்கோட்டில் அவர் தனியாக இருக்கும் வீட்டில் பேச ஆளில்லை. மகளைக் கூப்பிடப் போனை எடுப்பார். எடுத்ததை அப்படியே வைத்துவிடுவார். அவளை நினைக்காத பொழுது அவருக்கு இல்லை.

சம்பந்தியம்மா வந்து பிள்ளையைப் பிடித்தாள். ஊசி போட்டுவிட்டு லேகா வெளியே வந்தபோது எலியா வராந்தாவில் நின்றிருந்தார்.

“அது என்ன ஊசி சிஸ்டரே?”

“ஹெப்படைட்டிஸ் பி. மஞ்சக்காமாலை வராம இருக்க. ரெண்டு வருசம் முன்ன ஸ்டாஃபுக்கெல்லாம் போட்டோமே, அதுதான்.”

“பிள்ளைக்காவது ஊசி பிடிக்கட்டு. எனக்குப் பிடிக்கல.” அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “ஊசி முடிஞ்ச பொறவு எல்லாருக்கும் ரத்தம் பாத்தியள்லா? லேப்பில தரை தொடைக்கும்போ காதுல விழுந்துது. பத்துதான் கணக்கு, எலியாவுக்கு நானூறுன்னு பேசிக்கிட்டாவ. சுகர் ஏறினாலே மனுசன் போயிருவான். இது ரத்தத்துல ஒட்டுத ரோகமாக்கும். எனக்க மகளுக்குக் குடுத்திரப்பிடாதுன்னுதான் தள்ளி அனுப்பினேன். வேலை போயிரும்னு யாருட்டயும் வாய் திறக்கல.”

லேகா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்கூட வேலை பாக்குத ஷிஜுவையும் பொன்னையனையும் திரும்பக் கூப்பிட்டு ஊசி போட்டிய. என்னை மட்டும் கூப்பிடல. இனி மருந்தில்லன்னு அப்பவே மனசிலாச்சு.”

“அண்ணா...” லேகாவின் கண் நிறைந்துவிட்டது. “பத்துக்குக் கீழ போனவங்களத்தான் திரும்பக் கூப்பிட்டோம். அந்த நானூறு நோய்க்க கணக்கு இல்ல, நோயை எதிர்க்குத சக்திக்க கணக்காக்கும். ஊசி உங்களுக்குத்தான் ரொம்ப நல்லாப் பிடிச்சிருக்குன்னு, உங்களக் கூப்பிடாம விட்டோம்.”