தோல் இல்லாத கல்யாணம்

"மாட்டுத் தோலை மாட்டிகினு வர்ற குதிரை மேல என் மகன் உட்கார மாட்டான். ஒரு உயிரைக் கொன்னு எடுத்ததுய்யா அது! உனக்கு உறுத்தவே உறுத்தாதா?"

பட்டு வியாபாரி வீரபாகு போட்ட சத்தத்தில், பையும் பெல்ட்டும் தைக்கிற அருள்தாஸ் கடை வாசலில் நாலு பேர் கூடிவிட்டார்கள். குதிரைக்காரர் சுப்பராயலுவை, ஏதோ அவரே அந்த மாட்டை வெட்டியவர்போலப் பார்த்தார்கள்.

"பெரிய மனுஷன்னா இவர்தான்யா. எவ்ளோ இரக்கம்!" என்று ஒருவர் உச்சுக்கொட்டினார்.

சுப்பராயலு தலையைக் குனிந்துகொண்டார். எதிர்த்துப் பேச முடியாது. வீரபாகு வீட்டு மாப்பிள்ளை ஊர்வலம்தான் ஆனி மாதத்தின் கடைசி சவாரி. அதை விட்டால் ஆடி முழுக்கக் கல்யாணமே கிடையாது. குதிரை ருக்குவின் புல்லுக்கும் கொள்ளுக்கும் அந்த ஆண்டவன்தான் வழிவிடணும்.

"எண்ணெய் போட்டு ஊறவெச்ச பழைய தோல் வாரு அது. ருக்குவுக்குப் பழகிடுச்சு. அதனாலதான்... மாத்திடறேன் மொதலாளி" என்றார்.

வீரபாகு போன மாதம்தான் ஜீவகாருண்யச் சொற்பொழிவு ஒன்று கேட்டுவிட்டு வந்திருந்தார். கேட்டதோடு நிற்கிற ஆளா அவர்? கல்யாணப் பத்திரிகையிலேயே 'தோல் பொருள் இல்லாத திருமணம்' என்று தங்க எழுத்தில் அச்சடித்துவிட்டார்.

"அப்போ தவிலு, மொதலாளி?" அருள்தாஸ் மெதுவாகக் கேட்டார். "அதுவும் தோலுதானே?"

"அது மங்கள வாத்தியம்பா."

"பட்டுப் புடவை? கொதிக்கிற தண்ணியில எவ்ளோ புழு..."

"யோவ், தொழிலைப் பத்திப் பேசாத. குதிரைக்குத் தோல் இல்லாத பட்டையைக் காட்டு, ஜல்தி!"

அருள்தாஸ் இரண்டு சுருளை எடுத்துப் போட்டார். இரண்டுமே நைலான் நாடாவின்மேல் பிளாஸ்டிக் பூசியவை. ஒன்று கறுப்பு. தடிமனாக, ஓரம் மழுங்கி, சொன்னபடி வளைந்தது. இன்னொன்று தங்க நிறம். மெல்லிசு, விறைப்பு, ஆனால் கண்ணைப் பறித்தது.

சுப்பராயலு கறுப்பை முழங்கையில் சுற்றி, இறுக்கி இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இது நல்லாக்கீது மொதலாளி! வேர்வை ஊறாது, தொடைச்சா போச்சு. தோலைவிட மெத்துனு கீது. இதையே போட்டுடலாம்."

"சாவு வீட்டுக்கா போறோம்? கறுப்பு வேணாம். தங்கத்தைப் போடு. ட்ரோன் கேமராவுக்குச் சொல்லியிருக்கேன், சும்மா மின்னணும்."

சுப்பராயலு தங்கப் பட்டையையும் அதேபோலச் சுற்றி இழுத்தார். முழங்கையில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. நீட்டிக் காட்டினார்.

"ஓரம் பிளேடு மாதிரி கீதுங்க. வயித்தைச் சுத்தி இறுக்கிக் கட்டணும். ரெண்டு தெரு தாண்டறதுக்குள்ள அறுத்துடும். பாவம், வாயில்லா ஜீவன். ரத்தம் வந்தாலும் நடந்துகினேதான் இருக்கும்."

"ரத்தமா?"

வீரபாகுவின் முகம் வாடிப்போனது. அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டம் மூச்சுவிடாமல் அவரைப் பார்த்தது.

"அடியில மெல்லிசா ஒரு சிவப்புத் துணி விரிச்சுடு. வீடியோவுல தெரியாது."

சுப்பராயலு இரண்டு சுருளையும் மேசைமேல் வைத்தார்.

"வேற குதிரை பார்த்துக்குங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டு, வாசலில் கட்டியிருந்த ருக்குவை அவிழ்த்துக்கொண்டு நடந்தார்.

வீரபாகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் விரித்தார்.

"பார்த்தீங்களா? சவாரியே போனாலும் போகட்டும்ன்றான், செத்த மாட்டுத் தோலை மட்டும் விட மாட்டேன்றான். இப்படியும் ஒரு கல்நெஞ்சக்காரன்!"